தாது வருஷத்து ராத்தல்

கேள்வி: தாது வருஷப் பஞ்சத்தில் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா? ஜனங்கள் எப்படித்தான் காலம் தள்ளினார்கள்?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: ஒன்றுமே செய்யவில்லை என்பது அநியாயம்; ஆனால் செய்ததைக் கேட்டால் அதுவே மேல் என்று தோன்றும். 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து டில்லியில் தர்பார் நடந்த அதே மாதத்தில், வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை ராஜதானிக்கு வந்து, பகலெல்லாம் மண் சுமக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று விதித்தார். சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று வேலை செய்பவன் பிழைக்கமாட்டான் என்று விடாமல் வாதாடிய பிறகே, சில மாதம் கழித்து, தானியம் ஒன்றேகால் ராத்தலாயிற்று. தானியமோ அப்போதும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

ஜனங்கள்? முதலில் பித்தளைச் சொம்பு போயிற்று. பிறகு உழவு மாடு. அப்புறம் வீட்டுக் கதவையும் உத்தரத்தையும் பெயர்த்து, விறகு விலைக்கு விற்றார்கள். காட்டுக் கிழங்கும் கீரையும் தின்றார்கள். எறும்புப் புற்றைக் கிளறி, அது சேர்த்து வைத்த புல்லரிசியைப் பொறுக்கினார்கள் என்று கிழவிகள் சொல்வதுண்டு. கால் உள்ளவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள்.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு அந்தப் பட்டினிக் கைகள் வெட்டியது. அதற்கு வழங்கும் பெயர், அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது.