கருவிழந்த தாய்மாரும் கனவும்



கரு கலைந்த பெண்ணுக்கு அத்துயரம் அந்த நாளோடு முடிவதில்லை. பகலில் அடக்கி வைத்தது இரவில் கனவாகி எழுகின்றது. பிள்ளை அழும் குரல் கேட்கின்றது. சென்று பார்த்தால் தொட்டில் வெறுமையாய் இருக்கின்றது. மீண்டும் கருவுற்றவளோ, இக்கருவும் கலைவதாகக் கனாக் கண்டு அலறி விழிக்கின்றாள். விடிந்தபின் அதனைச் சொல்லவும் அஞ்சுகின்றாள். சொல்லாதிருக்கவும் இயலாது தவிக்கின்றாள். கேட்ட வீட்டாரில் ஒருவர் தோஷம் என்பார். ஒருவர் முற்பிறப்பின் வினை என்பார். மற்றொருவர் குறி கேட்க அழைப்பார். ஆதலின் இத்தகைய கனவை எங்ஙனம் அறிதல் வேண்டும் என்பதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கனவு பிறக்கும் இடம்

மிலிந்த மன்னனுக்கும் நாகசேன தேரருக்கும் நிகழ்ந்த உரையாடலாக அமைந்த மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூல், கனாக் காண்போரை அறுவகையாகப் பகுக்கின்றது. வாதம் மிகுந்தோர், பித்தம் மிகுந்தோர், சிலேட்டுமம் மிகுந்தோர், தேவதையால் தூண்டப்பட்டோர், தாம் பழகியதையே காண்போர், வருவதன் முன்னறிகுறியைக் காண்போர் என்பன அவ்வகைகள். இவற்றுள் இறுதியான ஒன்றையே அந்நூல் மெய்யெனக் கொள்கின்றது. ஏனைய ஐந்தையும் பொய்யெனத் தள்ளுகின்றது.

“என் கனவு அந்த ஆறாம் வகையாயின் என் செய்வேன்?” என்று ஒரு தாய் வினவலாம். விடை யாதெனில், ஒரு கனவுக்கு முன்பே நிகழ்ந்த காரணம் கண்முன் இருக்கும்போது, இனி வருவதில் காரணம் தேடுதல் வேண்டா. ஒருமுறை கருவை இழந்தவள் இழப்பைக் கனாக் காண்பது, பட்டதையே மனம் மீண்டும் காண்பதாகும். தறியில் வேலை செய்தோர் இதனை எளிதில் உணர்வர். பாவில் ஏற்றிய நூல்தான் துணியில் தோன்றும்; இன்னும் நூற்காத நூல் இன்றைய துணியில் தோன்றுமோ? கனவும் அங்ஙனமே நேற்றைய இழையால் நெய்யப்படுகின்றது.

ஆழ்ந்த உறக்கமும் முழு விழிப்புமல்லாத இடைநிலையிலே கனவு தோன்றும் என்றும், அது குரங்கின் உறக்கத்தைப் போன்றது என்றும் அந்நூல் கூறுகின்றது. 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தினிடையே மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டென்றும், அப்போது எழுப்பப்படுவோர் பெரும்பாலும் கனவை உரைக்கின்றனர் என்றும் வெளியிட்டனர். கருவுற்றவள் சிறுநீர் கழிக்கவும், இடுப்பு நோவாலும், பிள்ளையின் அசைவாலும் இரவில் பன்முறை விழிக்கின்றாள். அவ்விழிப்புக் கனவின் நடுவே நேர்வதால், பிறர் மறந்துவிடும் கனவும் அவளுக்கு நினைவில் நிற்கின்றது. முன்பு இழப்பே அறியாத கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் தீங்கு நேர்வதாகக் கனாக் காண்பதுண்டு. அவர்களுட் பலர் நலமாகவே பிள்ளை பெறுகின்றனர்.

கரு கலைவதன் காரணம்

உறுதியாக அறியப்பட்ட 100 கர்ப்பங்களில் ஏறத்தாழ 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. அவற்றுட் பெரும்பாலன முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்வன. அக்காலத்துக் கருச்சிதைவுகளிற் சுமார் பாதி, கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த குறையால் விளைவன. தாய் அஞ்சியதாலோ, தீக்கனாக் கண்டதாலோ, ஒருவர் கண்பட்டதாலோ கரு கலைவதில்லை.

“அங்ஙனமாயின் இது பழவினையின் பயனோ?” என்பர் சிலர். மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன் பகவரிடம் இதையே கேட்டான். மனிதன் துய்க்கும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையால் வருவனவே என்பார் கூற்று மெய்தானோ என்பது அவன் வினா. பகவர் அதனை ஒப்பவில்லை. பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலைப் பேணுவதிற் குறை, புறத்தாக்குதல், வினைப்பயன் என எட்டினை எடுத்துக் கூறினார். வினை எட்டில் ஒன்றே. ஆதலின் கருவிழந்தவளை நோக்கி, “இது நீ செய்த வினை” என்று உரைப்போர், பகவர் மறுத்த கொள்கையையே உரைக்கின்றனர் என்க.

இரண்டாம் அம்பு

ஓர் அம்பு தைத்தவனை அடுத்தும் ஓர் அம்பால் எய்தால் அவன் படுவது இருமடங்கு வேதனை என்று பகவர் உவமை கூறினார். உடலில் உறும் நோவு முதல் அம்பு; அதுபற்றி மனம் புலம்பி வருந்துதல் இரண்டாவது. கருவை இழந்தது முதல் அம்பு. அதனைத் தடுத்தல் எவர்க்கும் எப்போதும் இயல்வதன்று. “நான் தாயாகத் தகுதியற்றவள், என் கனவே அதற்குச் சான்று” என்று அவள் எண்ணுவது இரண்டாம் அம்பு. பல வீடுகளில் அதனை எய்பவர் சுற்றத்தாரே.

ஒருவரது அச்சம் மற்றொருவருக்குப் பிழைப்பாவதும் உண்டு. கோசல மன்னன் பதினாறு தீக்கனாக் கண்டு நடுங்கியபோது, புரோகிதர்கள் பெருவேள்வி செய்து உயிர்களைப் பலியிடுமாறு கூறினர் என மகாசுபின ஜாதகம் உரைக்கின்றது. மல்லிகை தேவி அவனைப் பகவரிடம் செல்லத் தூண்டினாள். அக்கனவுகளால் அவனுக்குத் தீங்கில்லை என்று பகவர் தெளிவித்தார். கட்டிவைத்த விலங்குகளும் விடுதலை பெற்றன. தீக்கனவைக் காட்டிப் பரிகாரத்திற்குப் பணம் கேட்போரைக் காணுந்தோறும் இக்கதையை நினைவிற் கொள்ளுங்கள்.

செய்யத்தக்கன

1. கனவைப் பகலில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுக. கேட்பவர் பலன் கூறாது, பொறுமையாய்க் கேட்டலே போதுமானது. கணவனும் அவ்விழப்பில் பங்குடையவன். அவனும் தன் துயரை மறைத்தல் வேண்டா.

2. ஒரே கனவு திரும்பத் திரும்ப வருமாயின், விழித்திருக்கும்போது அதன் முடிவைத் தான் விரும்பியவாறு மாற்றி, மாறிய வடிவை நாள்தோறும் சில நிமிடம் மனத்தில் கண்டு பழகுக. மருத்துவரும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

3. உறங்குமுன் மைத்திரி பாவனை செய்க. அதன் பதினொரு பயன்களில், இனிது உறங்குதலும், இனிது விழித்தலும், தீக்கனாக் காணாமையும் கூறப்பெற்றுள்ளன. அம்மைத்திரியை முதலில் தனக்கே செலுத்துக. கருவிழந்தவள் பெரும்பாலும் தன்னையே வெறுக்கின்றாள். ஆதலின் இது அவளுக்கு இன்றியமையாதது.

4. கருவுற்றவளுக்கு எச்சரிக்கை தருவன உடலின் குறிகளே. உதிரப்போக்கு, கடும் வயிற்றுவலி, காய்ச்சல், உணரத் தொடங்கிய பின் பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவை தோன்றின் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. ஒரு திங்களுக்கு மேலும் தீக்கனவு உறக்கத்தைக் கெடுப்பினும், வாழ்வில் வெறுப்புத் தோன்றினும் மருத்துவரை நாடுக. 2022-இல் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

5. உடலுக்கு ஓய்வு தருக. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குக் கரு கலைந்தால் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளிக்க வேண்டுமென 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்விதி இடம்பெற்றுள்ளது. இது சலுகையன்று, உரிமை. வெட்கத்தால் மறைத்து மறுநாளே வேலைக்குத் திரும்பும் சகோதரிகள் இதனை அறிதல் வேண்டும்.

நேயர்களே! இறந்ததற்கு அழுதலைத் தம்மம் குற்றமென்று கூறவில்லை. கனவில் பிள்ளையைத் தேடுபவள் பிள்ளையை நேசித்தவள். அவளைத் தேற்றுவது நம் கடன். இதனை உங்கள் இல்லத்தில் உரக்க வாசியுங்கள். மாமியாரும் கேட்கட்டும், கணவனும் கேட்கட்டும். நாளை விடியலில் அப்பெண் தன் கனவைச் சொல்ல வாய் திறக்கும்போது, அஞ்சாது சொல்லட்டும்.