ஒன்பதாம் வாரத்திற்கு அப்பால்

ஓடிப் பழகாதார்க்கு ஓட்டம் கற்பிக்கும் முறைகள் பல இந்நாளில் வழங்குகின்றன. அவற்றுள் உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படுவது, அமெரிக்கரான ஜாஷ் கிளார்க் என்பார் 1996-ஆம் ஆண்டில் தம் அன்னையார் போன்றோரை மனத்திற்கொண்டு வகுத்த ஒன்பது வார முறையாகும். முதல் வாரத்தில் 60 நொடி ஓட்டமும் 90 நொடி நடையும் மாறி மாறி 20 நிமிடம் வரும். ஐந்தாம் வாரத்தின் இறுதி நாளில் 20 நிமிடம் இடையறாது ஓடல் வேண்டும். ஒன்பதாம் வாரத்தில் அஃது 30 நிமிடமாக நிறைவுறும். வாரத்திற்கு மூன்று நாள்களே ஓட்டம்; ஏனைய நாள்கள் ஓய்வு. இவ்வளவில் அம்முறை முடிகின்றது. முடிந்த மறுநாள் யாது செய்வது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினா சிறிதெனத் தோன்றலாம். சென்ற ஆண்டு எம் விடுதியில் எம்மோடு சேர்த்து எழுவர் இம்முறையைத் தொடங்கி, ஐவர் முடித்தோம். முடித்து ஒரு திங்கள் கழியுமுன் ஐவருள் ஒருவரும் ஓடினாரல்லர். மூவர், 'பாடம் முடிந்தது' என்று நின்றனர். ஒருவரைத் தேர்வு வந்து தடுத்தது. யாமோ நின்றோமல்லோம், அதனினும் பெரியதொரு பிழை செய்தோம். ஒன்பது வாரத்தில் அரைமணி ஓடியவர்க்கு மேலும் மூன்று வாரத்தில் ஒருமணி ஓடுதல் அரிதோ என்று கணக்கிட்டு, ஓய்வு நாள்களைத் துறந்து, வாரத்திற்கு ஆறு நாள் ஓடினோம். பன்னிரண்டாம் நாள் முழங்காலின்கீழ் முன்னெலும்பின் உட்புறம் நெடுக நோவு கண்டது. பின்னர் ஆறு வாரம், மாடியிலுள்ள வகுப்பிற்கு ஏறுதற்கும் அஞ்சி நின்றோம். ஆதலின் கீழ்வருவன பிறர்க்குக் கூறும் அறிவுரையாதலினும், யாம் பட்டுத் தெளிந்தவற்றின் கணக்கு என்று கொள்ளுதலே பொருந்தும்.

அந்நோவின் காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும். ஓட்டப் பயிற்சியால் இதயமும் குருதியும் சில வாரங்களிலேயே திறம்பெறுகின்றன. ஆகவே மூச்சு எளிதாகின்றது. எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் உறுதியுறுவனவல்ல. புதிய சுமை வந்துழி, எலும்பு முதலில் தன் பழைய பகுதியைச் சிறிது கரைத்துக்கொண்டு, பின்னரே புதிய பகுதியைக் கட்டுகின்றது; அக்கட்டடம் முற்றப் பல திங்கள் ஆகும். ஒன்பதாம் வாரத்து ஓட்டக்காரர்க்கு மூச்சு 'போ' என்கின்றது. எலும்போ இன்னும் சாரம் கட்டி நிற்கும் சுவராயிருக்கின்றது. நோவு எலும்பு நெடுகப் பரவி நின்று சில வார ஓய்வில் தணியுமாயின் பெரிதும் அஞ்சவேண்டுவதின்று. ஒரு விரல்நுனி அளவான இடத்தில் மட்டும் கூர்மையாக நோவதும், ஓயும்போதும் இரவிலும் நோவதும் எலும்பில் கீறல் விழுந்தமைக்கு அறிகுறியாதல் கூடும். அப்பொழுது மருத்துவரையே நாடல் வேண்டும். நண்பர் தரும் தைலம் உதவாது.

வாரத்திற்குப் பத்து விழுக்காட்டிற்குமேல் கூட்டலாகாது என்றொரு விதி ஓடுவோரிடை வழங்குகின்றது. இதனை ஆலந்து நாட்டுக் குரோனிங்கன் நகரத்தார் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோரை இரு கூறாக்கி, ஒரு சாராரை அவ்விதிப்படியும் மற்றொரு சாராரை வழக்கமான முறைப்படியும் பயிற்றினர். இருசாராருள்ளும் ஐந்தில் ஒருவர்க்கு ஊறு நேர்ந்தது, வேற்றுமை காணப்படவில்லை. இதனால் அளவின்றிக் கூட்டலாம் என்பது பெறப்படாது. விதியொன்றே காக்கும் என்று நம்பிக் காலின் சொல்லைக் கேளாதிருத்தல் தவறு என்பதே எம் கருத்து.

இனி, கூட்டத்தான் வேண்டுமோ என்பதும் கேட்கத்தக்கது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிப்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 75 முதல் 150 நிமிடம் கடிய உடலுழைப்புச் செய்தல் போதும். அதனோடு இருநாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். முப்பது நிமிடம் மும்முறை ஓடினால் 90 நிமிடமாயிற்று. எனவே ஒன்பதாம் வாரத்தில் நின்ற அளவிலேயே வாழ்நாள் முழுதும் நிற்பவர் குறைவுடையரல்லர். தேர்வுக் காலத்தில் அதுவும் இயலாதெனின் அறவே நிறுத்துதல் நன்றன்று. இரண்டு வாரம் வாளா இருந்தாலே பெற்ற திறம் குறையத் தொடங்கும். 1981-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், வாரம் ஆறுநாள் பயின்றோர் அதனை இரண்டு நாளாகச் சுருக்கியும், ஒவ்வொரு நாளின் கடுமையும் நேரமும் குறையாதவழி, பதினைந்து வாரம் தம் திறத்தை இழந்திலர். இதனை அறிந்திருந்தால் எம் நண்பர் தேர்வையும் எழுதி ஓட்டத்தையும் காத்திருப்பர்.

மேலும் செல்ல விரும்புவார்க்கு முதல் வேலை, பெரும்பாலும், ஐந்து கிலோமீட்டரை நிறைத்தலேயாம். முறையின் பெயர் ஐந்து கிலோமீட்டர் என்று முழங்கினும், கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுப்பவர் அரைமணியில் செல்வது 3.75 கிலோமீட்டரே, அவர்க்கு ஐந்திற்கு 40 நிமிடம் வேண்டும். மூன்று நாளுள் ஒருநாளை மட்டும் வாரந்தோறும் ஐந்து நிமிடம் நீட்டி, மூன்று வாரம் ஏறியபின் நான்காம் வாரம் குறைத்து இளைப்பாறி, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினால், அரைமணியிலிருந்து 80 நிமிடத்தை அடையப் பதின்மூன்று வாரம் ஆகும். அதுவே அவர்க்குப் பத்துக் கிலோமீட்டர். ஏனைய இருநாளும் இருந்தபடியே இருக்க. யாம் மூன்று வாரத்தில் பாய முயன்றது இவ்வழியின் ஏழு வாரத்தையே.

இவ்வோட்டமெல்லாம் மெல்லோட்டமாதல் வேண்டும். மெல்லோட்டத்தின் அளவு யாது? பேசிக்கொண்டே ஓட இயலுதல் என்பர் பயிற்சியாளர். தமிழ் பயில்வார்க்கு இதனினும் நுண்ணிய அளவுகோல் ஒன்று உண்டு. ஓடும்போது ஒரு வெண்பாவை வாய்விட்டுச் சொல்க. நாற்சீரடி முழுதும் ஒரே மூச்சில் வருமாயின் நடை சரி. ஈற்றடியின் முச்சீருக்கே மூச்சுப் போதுமாயின் சிறிது விரைந்துவிட்டோம். தனிச்சீரில் மூச்சு முட்டுமாயின் நடந்து செல்வதே தக்கது. இதனைக் கேட்டு எம் ஆசிரியர் நகைத்தார்; எனினும் மறுத்தாரல்லர்.

மெல்லோட்டத்தின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர் நியூசிலாந்து நாட்டு ஆர்தர் லிடியார்ட். அவரிடம் நெடுந்தூரம் ஓடிப் பயின்ற பீட்டர் ஸ்னெல், 1960-இல் உரோமையில் 800 மீட்டரிலும், 1964-இல் தோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் பொன் வென்றார். அதனினும் எம்மைக் கவர்ந்தது வேறொன்று. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1962-இல் லிடியார்டைக் காணச் சென்று, ஆக்லாந்து நகரத்தாரோடு ஒருநாள் ஓடினார். ஐம்பதே கடந்த அவர் மூச்சிரைத்துப் பின்தங்க, எழுபது கடந்தவரும் மாரடைப்புக் கண்டவருமான ஒரு முதியவர் தம் வேகத்தைக் குறைத்து அவர்க்குத் துணையாக வந்தார். நாடு திரும்பிய பவர்மன் தம் ஊராரை மெல்லோட்டத்திற்கு அழைத்தார். 1967-இல் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து அதுபற்றி நூலும் எழுதினார்.

வேகத்தில் விருப்பமுடையார்க்குச் சுவீடன் நாட்டு வழி எளியது. 1930-களில் கோஸ்டா ஹோல்மர் வகுத்த அதற்கு 'வேக விளையாட்டு' என்பதே அந்நாட்டு மொழியில் பெயர். மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில் அடுத்த மரம்வரை விரைதலும், மூச்சு அமையும்வரை மீண்டும் மெல்ல ஓடுதலுமாம், கடிகாரமும் வேண்டா. இம்முறையில் பயின்ற குண்டர் ஹேக் 1942-இல் 5000 மீட்டரை 13 நிமிடம் 58.2 நொடியில் ஓடி, 14 நிமிடத்தினுள் அதனை ஓடிய முதல்வரானார். வாரத்தில் ஒருநாள் மட்டும் இவ்விளையாட்டு அமையும். நோவு தீர்ந்து மூன்று திங்கள் கழியுமுன் யாம் இதனைத் தொடவில்லை.

ஓய்வுநாள் என்றவுடன் எம் கல்லூரியார்க்கு எரிக் லிடெல் நினைவிற்கு வருதல் இயல்பு. 1924-இல் பாரிசில் 100 மீட்டரின் தொடக்க ஓட்டம் ஞாயிற்றுக்கிழமையன்று என்பதனால் அதனை விட்டு, 400 மீட்டரை 47.6 நொடியில் ஓடிப் பொன் வென்று, மறு ஆண்டு சீனத்திற்கு ஊழியராகச் சென்றவர் அவர். அவர் ஓய்ந்தது கால்களுக்காகவன்று என்பதை யாம் அறிவோம். அவர் பெயரால் எம் சோம்பலுக்குச் சான்று தேடவில்லை. எனினும் ஆறுநாள் ஓடிய அவ்வேளையில் யாம் ஏழாம் நாளை மட்டும் விட்டது பக்தியாலோ களைப்பாலோ என்று இன்றும் துணிந்துரைக்க இயலவில்லை.

எஞ்சியது துணை. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், இலண்டனிலுள்ள புஷி பூங்காவில் பதின்மூவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினர். கூட்டியவர் பால் சிண்டன்-ஹெவிட். காலில் ஊறுபட்டுத் தாம் ஓட இயலாத நிலையில் நண்பரை இழவாமைப் பொருட்டு அதனைத் தொடங்கினார். அதுவே 'பார்க்ரன்' என்னும் பெயரால் பல நாடுகளிற் பரவி, சனிக்கிழமைதோறும் கட்டணமின்றி நடைபெறுகின்றது. கடையில் வருவார்க்கும் அங்கு இடமுண்டு. தொண்டர் ஒருவர் அவர்க்கும் பின்னே நடந்து வருவர்.

எம் ஐவருள் மூவர் மீண்டும் ஓடுகின்றோம். சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, வெயில் ஏறுமுன், விடுதி வாயிலில் கூடிக் குளக்கரைவரை சென்று திரும்புகின்றோம். தொடக்க வாரத்து 60 நொடியே இயலுமென்பாரும் வரலாம். கடைசியில் நடந்து வருதற்கு யாம் முறை வைத்திருக்கின்றோம்.