இரைச்சல் என்பார்க்கு எழுதுதல்

இசைக்கு உருகாத உள்ளமும் உண்டோ என்று கேட்பர். எங்கள் வீட்டில் மூன்று உண்டு. மில்லர்புரத்தில் எங்கள் மாடியறையிலிருந்து எழும் 'ஹெவி மெட்டல்' இசைக்கு அப்பாவோ அம்மாவோ ஆச்சியோ உருகியதாக வரலாறு இல்லை. பட்டறையில் கடைசல் வேலை பார்த்துவிட்டு வரும் அப்பா ஒருநாள் தம்பியிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஏல, தகரக் கொட்டாயில கல்லு விழுத மாதிரி இருக்கு. அந்தக் கிதார வித்துட்டுப் படிக்கிற வழியப் பாரு." தம்பி என்னிடம் வந்தான். "அண்ணே, நீ தமிழ் இலக்கியம்தான படிக்க? இது என்னன்னு அப்பாவுக்குப் புரியுத மாதிரி எழுதிக் குடு."

இக்கட்டுரை அவ்வாறு பிறந்தது. ஒரு கூட்டத்தார்க்கு மட்டும் விளங்கும் ஒன்றை வெளியார்க்கு எழுதுவது எங்ஙனம் என்பதே ஈண்டு நான் ஆராயப் புகுவது.

முதற்படி தோல்வியில் முடிந்தது. தம்பி சொன்ன ரிஃப், டிஸ்டார்ஷன், டபுள் பாஸ், த்ராஷ், டூம் ஆகிய சொற்களையெல்லாம் வரிசையாக அடுக்கினேன். அப்பா நான்கு வரி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "இதுக்கு ஒரு உரை எழுதிட்டு வா" என்றார். உரையாசிரியர்கள் இன்றிச் சங்கப் பாடல் படிக்க இயலாத நமக்கு அது கசப்பான உண்மையன்றோ!

இரண்டாம் முறை சொல்லை விட்டு ஆளைப் பிடித்தேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆலைகள் நிறைந்த நகரம். அங்கே டோனி அயோமி என்னும் இளைஞர் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1965இல், பதினேழாம் வயதில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், வராத ஒருவருக்குப் பதிலாக அழுத்து இயந்திரத்தில் நின்றபோது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டாயின. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. இரு விரல் செயலிழந்தும் புகழ்பெற்ற ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாள் ஒருவர் கொண்டுவந்து கேட்கச் செய்தாராம். அயோமி பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971இல் வந்த மூன்றாம் இசைத்தட்டில் சில பாட்டுகளுக்குத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலியைப் பின்வந்தோர் பலர் தம் இலக்கணமாகவே கொண்டனர்.

அடுத்து ஒலி. இங்கே நம் இசைத்தமிழ் எனக்குக் கை கொடுத்தது. மின்பெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கினால் கிதாரின் அலை சிதைந்து கரகரக்கும். ஒரு சுரத்தோடு அதன் கிளைச்சுரங்கள் பலவும் கிளம்பும். அந்நிலையில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் குழம்பிவிடும். ஆகவே சட்சமும் பஞ்சமமும் மட்டும், பழந்தமிழ்ப் பெயரால் குரலும் இளியும் மட்டும், சேர்த்து ஒலிப்பர். கச்சேரியில் தம்புரா பெரும்பாலும் விடாமல் சொல்வதும் இவ்விரண்டையே. 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான 'பிளாக் சாபத்' குழுவின் முதல் தட்டில் முதற்பாட்டு, சட்சத்திலிருந்து மேல் சட்சத்துக்குத் தாவி, பிரதி மத்தியமத்தில் வந்து நின்றுவிடும். ஐரோப்பிய இசைநூலார் இவ்விடைவெளிக்கு 'இசையிலுள்ள பிசாசு' என்றே பெயரிட்டனர். நம் கல்யாணியிலும் அதே சுரம் உண்டு. அதைக் கேட்டு எவரும் அஞ்சுவதில்லை. கல்யாணியில் அது சுற்றத்தோடு வரும். இங்கே தனியே, துணையின்றி நிற்கும். அச்சம் அந்தத் தனிமையிலிருந்து வருகிறது என்பது என் கருத்து.

பேயும் பிணமும் பாடலாமா என்று ஆச்சி கேட்டார்கள். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டில் அச்சத்தையும் வெகுளியையும் இளிவரலையும் நகைக்கும் உவகைக்கும் ஒப்ப வைத்தார். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் அட்டு உண்பதை நாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகவே படிக்கிறோம். செயங்கொண்டாரை ரசிப்பவர் இக்கிதார்க்காரரைக் கண்டு முகஞ்சுளிப்பது நியாயமாகப் படவில்லை.

'அண்டர்கிரவுண்ட்' என்ற சொல் அப்பாவைப் பயமுறுத்தியது. தலைமறைவு இயக்கமோ என்று ஐயுற்றார். பெரிய கம்பெனிகள் தொடாத குழுக்களின் பதிவுகளை 1980களில் ரசிகர்கள் கேசட்டில் படியெடுத்துத் தபாலில் நாடு விட்டு நாடு மாற்றிக்கொண்டனர். தாமே இதழ் அச்சிட்டனர். நம் சிற்றிதழ்களை நினைத்தால் இது எளிதில் விளங்கும். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி, புத்தகங்களைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றது இதே வேலைதான். நம் நாட்டிலும் ராக் இசைக்கென 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1993இல் பிறந்த இடம் பம்பாய் அன்று, அலகாபாத். அமித் சைகால் அதைத் தொடங்கினார். தலைநகரங்களுக்கு வெளியேயும் இதைப் பற்றி எழுத ஆள் இருந்தார்கள் என்பது தூத்துக்குடிக்காரனாகிய எனக்கு ஆறுதல்.

சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய 'ருத்ரா' குழுவைத் தம்பி தெய்வமாகவே கொண்டாடுகிறான். கதிரேசன் என்னும் தமிழர் பாடுகிறார். ஆங்கிலப் பாட்டின் நடுவே வடமொழிச் சுலோகங்களும் வேதாந்தக் கருத்துகளும் வரும். சிங்கப்பூர்த் தென்னிந்தியரின் அடையாளச் சிக்கலோடு இவர்கள் இசையை இணைத்து, 2009இல் யூஜின் டைரியநாதன் ஓர் ஆய்விதழில் எழுதினார். (தமிழில் பாடியிருந்தால் நானும் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.)

ஒரு பக்கத்தைத் தம்பி நீக்கச் சொன்னான். 1990களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் இவ்விசையின் ஒரு கிளையைச் சேர்ந்த சிலர் மரத்தாலான பழந்தேவாலயங்களுக்குத் தீ வைத்தனர். 1992இல் எரிந்த ஃபாண்டாஃப்ட் ஆலயம் அவற்றுள் ஒன்று. பனிமய மாதா திருவிழாவில் ஊரே திரளும் இத்துறைமுகத்தில் இருந்துகொண்டு அதை எப்படி மறைப்பேன்? மறைத்து எழுதினால், பின்னொரு நாள் அறியும் அப்பா மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பக்கம் இருந்தது.

அப்பா ஞாயிறு மதியம் திண்ணையில் அமர்ந்து முழுதும் படித்தார். விரல் துண்டான இடத்தில் நிறுத்தி, "எந்தக் கைன்னு சொன்ன?" என்று கேட்டுத் தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கல்யாணியைக் கடந்துவிட்டார், பரணியையும் அவ்வாறே. நார்வேப் பக்கத்தில், "தீ வச்சவனுவளப் பிடிச்சாங்களா?" என்றார். சிலரைப் பிடித்துச் சிறையில் அடைத்தனர் என்றேன். "அத எழுதலையே நீ" என்றார். எழுதிச் சேர்த்தேன். பிளாக் சாபத் குழுவினர் 2025 சூலை 5இல் அதே பர்மிங்காமில் இறுதியாக மேடையேறினர் என்றும், பாடகர் ஓசி ஆஸ்போர்ன் பதினேழு நாளில் மறைந்தார் என்றும் தம்பி தன் பங்குக்கு ஓரத்தில் எழுதிவைத்தான்.

கிதார் இன்னும் விற்கப்படவில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்று மட்டும் உத்தரவு. ஆச்சிக்கு இதைப் படித்துக்காட்டும் வேலை மிச்சம் இருக்கிறது.