தலையைக் காக்கும் தட்டை எலும்புகள்

எங்கள் அறிவியல் ஆய்வக மூலையில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. சிறு வகுப்புகளில் அதைக் கண்டு அஞ்சி ஓடிய நாங்கள், இவ்வாண்டு அதன் மண்டையோட்டைக் கையில் ஏந்திப் பார்த்தோம்.

மண்டையோட்டில் முகத்துக்குரிய எலும்புகள் 14. மூளையைச் சூழ்ந்தவை 8. நெற்றி எலும்பு, இரு உச்சி எலும்புகள், பிடரி எலும்பு ஆகியவை தட்டை எலும்புகள். தட்டை என்றதும் அப்பளம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழியரே! மேலும் கீழும் கெட்டியான இரு தகடுகள். நடுவே பஞ்சுபோல் துளைகள் நிறைந்த எலும்பு. ஆகவே கனமின்றியே வலிமை கிடைக்கிறது. வளைந்த வடிவம் அடியின் விசையைப் பரப்பிவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு இவை இணைந்திருப்பதில்லை. பாட்டிமார் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி அந்த இடைவெளியே. பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் அது மூடிக்கொள்ளும்.

இக்கோட்டையிலும் ஒரு மெல்லிய சுவர் உண்டு. அதுதான் நெற்றிப்பொட்டு. அதன் உட்புறத்தை ஒட்டி இரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. பாடத்தில் படிக்கும் முன்பே இதை நாங்கள் அறிய நேர்ந்தது. தோழி ஒருத்தியின் அண்ணன் இரவு ஷிப்டு முடிந்து ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் வரும்போது வண்டி சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. தாமே எழுந்தார்; தேநீர் குடித்தார்; "ஒன்றுமில்லை" என்று வீடும் வந்து சேர்ந்தார். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பின்னர் மயக்கம். பொட்டெலும்பில் மயிரிழை போன்ற விரிசல். உள்ளே கசிந்த இரத்தம் மூளையை அழுத்தியிருந்தது. காக்கும் பெட்டியே விரிந்துகொடுக்காத சிறையாகிவிட்டது! மருத்துவர்கள் எலும்பைத் திறந்து இரத்தக்கட்டியை அகற்றினர். பிழைத்தார்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை இயற்பியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தோம். அது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, விழும்போது பெறும் வேகம்! ஹெல்மெட்டும் எலும்பின் அமைப்பையே ஒத்திருக்கிறது: வெளியே கெட்டி ஓடு, உள்ளே தெர்மாகோல். தெர்மாகோல் நசுங்கி அடியின் விசையை வாங்கிக்கொள்ளும். எனவே ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் மறுமுறை உதவாது. ஆலைகளில் அணியும் மஞ்சள் தொப்பி மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்யப்பட்டது. அதோடு சாலையில் போவோரை நாங்கள் தினமும் பார்க்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற ஆணையையொட்டி, 2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்வோருக்கும் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. அம்மாக்கள்தாம் இன்னும் கொண்டை கலையும் என்கிறார்கள்.

அந்த அண்ணன் மீண்டும் வேலைக்குப் போகிறார். ஹெல்மெட்டின் தாடைப்பட்டை 'டிக்' என்று மாட்டும் ஓசை கேட்ட பிறகே எங்கள் தோழி கதவைச் சாத்துகிறாள்.