ரெஜிஸ்டரில் எழுதியது யார்? கர்னலில் தடம் பார்க்கும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெக்கையும் வாவியின் உப்புக்காற்றும் சேர்ந்த மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு மடிக்கணினி மெதுவாகிப்போனால், பழி முதலில் தூசிக்கும் விசிறிக்கும்தான் போகும். விசிறியைத் துடைத்து, புதுப் பசை பூசி, லினக்ஸையும் திரும்ப நிறுவிய பிறகும் புரொசெசர் 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்றால், அதை எதுவோ பிடித்து வைத்திருக்கிறது. பிடித்திருப்பது கர்னலா, பயாஸா, மதர்போர்டா?

இன்டெல், ஏஎம்டி புரொசெசர்களில் வேகம், வெப்பம், மின்செலவு, டைமர் போன்றவற்றை ஆள்பவை எம்எஸ்ஆர் என்ற சிறப்பு ரெஜிஸ்டர்கள். கர்னல் அவற்றைப் படிப்பதையும் அவற்றில் எழுதுவதையும் பதிவுசெய்யும் டிரேஸ்பாயின்ட்கள் 2016இல் வெளிவந்த லினக்ஸ் 4.5 முதல் இருக்கின்றன. தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ரூட் அனுமதி போதும். ஆனால் இந்தச் சாட்சி கர்னலைப் பற்றி மட்டுமே பேசும். அதை மறக்காதவருக்கே டிரேஸ் உதவும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் ஃபில்டர், பிறகு டிரேஸ். டைமர் ரெஜிஸ்டரில் மட்டுமே ஒவ்வொரு கோரும் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். ஒரு கோருக்கு வழமையாகக் கிடைக்கும் பஃபர் 1,408 கிலோபைட்தான். ஃபில்டர் இல்லாவிட்டால் தேடிய வரி கண்ணில் படுமுன்னே அழிந்துவிடும்.

2. எந்த ரெஜிஸ்டர் என்பதைப் புரொசெசரின் தலைமுறை பார்த்து முடிவுசெய்யுங்கள். பழைய இன்டெல்லில் வேகத்தைக் கேட்டுக் கர்னல் எழுதும் இடம் பதினறும எண் 199. 2015இல் வந்த ஸ்கைலேக் முதல், வேகத்தைப் புரொசெசரே தெரிவுசெய்யும் எச்டபிள்யூபி முறை இருக்கிறது. அது இயங்கினால் கர்னல் எழுதுவது பதினறும 774இல். அப்போது 199இல் காத்திருந்தால் பெரும்பாலும் ஒரு வரியும் வராது. இன்டெல் கையேட்டின் 4ஆம் தொகுதி முழுவதும் இந்த ரெஜிஸ்டர்களின் பட்டியல்தான். பக்கத்தில் திறந்து வைத்திருங்கள்.

3. ஒவ்வொரு வரியிலும் கோர் எண்ணைப் பாருங்கள். சில ரெஜிஸ்டர்கள் கோருக்கு ஒன்று, சில முழுச் சில்லுக்கும் ஒன்று. நான்கு கோர்களில் மூன்றில் மட்டும் ஒரு மதிப்பு எழுதப்பட்டிருந்தால், பிழை அங்கேயே அகப்படலாம்.

4. ஸ்டாக் டிரேஸையும் சேர்த்துப் பதியுங்கள். எழுதப்பட்ட மதிப்பு என்ன நடந்தது என்று சொல்லும். எந்த ஃபங்ஷன் வழியாக நடந்தது என்பதை ஸ்டாக் சொல்லும். பெர்ஃப் கருவியாலும் இதைச் செய்யலாம்.

5. டிரேஸுக்குள் குறிப்பு எழுதுங்கள். சார்ஜரைச் செருகும்போதும் கழற்றும்போதும் டிரேஸ் மார்க்கர் கோப்பில் ஒரு சொல் எழுதினால், அது நேரக்குறியுடன் வரிகளுக்கு நடுவே விழும். எந்த எழுத்து முன், எது பின் என்பதில் பிறகு வாதம் இராது.

6. பூட் ஆகும்போதே கோளாறு என்றால், கர்னல் கட்டளை வரியிலேயே டிரேஸைத் தொடங்குங்கள். லொகின் திரை வரும்முன் பெரும்பாலான அமைப்புகள் எழுதி முடிந்துவிடும்.

7. கிடைத்ததை உடனே டிஸ்கில் பிரதியெடுங்கள். டிரேஸ் பஃபர் ரேமில் இருப்பது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைக் கண்ட இலங்கையில் இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடாதவை

1. வரியின் தொடக்கத்தில் இருக்கும் புரொசெஸ் பெயரைக் குற்றவாளியாக்காதீர்கள். ஒரு கோர் கேட்க, இன்னொரு கோர் எழுதுவது கர்னலில் வழமை. அந்த நேரம் அந்தக் கோரில் எது ஓடியதோ அதன் பெயர்தான் வரியில் விழும். பிரவுசரின் பெயர் வந்ததால் பிரவுசர் எழுதியதாகாது.

2. ஃபில்டரில் வெறும் 199 என்று எழுதாதீர்கள். பதினறும முன்னொட்டு இல்லாவிட்டால் கர்னல் அதைத் தசம எண்ணாகவே எடுக்கும். தேடவேண்டியது தசமத்தில் 409. தசம 199 என்பதோ செயல்திறனை எண்ணும் வேறொரு ரெஜிஸ்டரின் முகவரி. பிழைச்செய்தி எதுவும் வராது. டிரேஸ் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

3. டிரேஸில் இல்லை என்பதால் எழுதப்படவே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அதிகம் பேர் இடறுவது இங்கேதான். பயாஸின் எஸ்எம்எம் பகுதி கர்னலுக்குத் தெரியாமலே எழுத முடியும். கர்னலுக்குள்ளும் டிரேஸ் நுழையக்கூடாத பகுதிகள் உண்டு: 2022இல் வெளிவந்த ரெட்ப்ளீட் குறைக்குத் தற்காப்பாகச் சில புரொசெசர்களில், கர்னலின் நுழைவாயிலிலேயே அசெம்பிளியில் பதினறும 48இல் எழுதப்படுகிறது, அது டிரேஸில் வராது. இன்டெல் புரொசெசரின் ப்ரொக்‌ஹாட் என்ற மின்கம்பியோ ரெஜிஸ்டர் எழுத்தே இல்லாமல் வேகத்தைக் குறைக்கும். புரொசெசர் சூடாகாவிட்டாலும் மதர்போர்டின் மின்சுற்று அந்தக் கம்பியை இழுக்கலாம்.

4. தோல்வியடைந்த வரிகளைக் கழிக்காதீர்கள். இல்லாத ரெஜிஸ்டரைத் தொட்டால் புரொசெசர் மறுத்துவிடும். வரியின் முடிவில் அதற்கான குறி விழும். பொருந்தாத டிரைவரைக் காட்டிக்கொடுப்பது பல வேளைகளில் அந்தக் குறிதான்.

5. "எழுதித்தான் பார்ப்போமே" என்று இறங்காதீர்கள். படிப்பது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. எழுதுவது கணினியை உறையவைக்கலாம். யூசர் புரோகிராம்கள் இப்படி எழுதினால், 2020இல் வந்த லினக்ஸ் 5.9 முதல் கர்னல் எச்சரிக்கை விடுத்துத் தன்னைக் கறைபட்டதாகவும் குறித்துக்கொள்கிறது.

6. மெய்நிகர் கணினிக்குள் இருந்துகொண்டு உண்மையான வன்பொருளைத் தேடாதீர்கள். விருந்தாளி கர்னல் எழுதுவதைப் பல இடங்களில், மெய்நிகர் கணினியை இயக்கும் கேவிஎம் இடைமறித்துவிடும். ஹோஸ்டில் கேவிஎம்முக்கென்றே எம்எஸ்ஆர் டிரேஸ்பாயின்ட் இருக்கிறது.

7. இதே முறையை எல்லாப் புரொசெசருக்கும் நீட்டாதீர்கள். ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் பலகைகளில் எம்எஸ்ஆர் டிரேஸ்பாயின்ட் இல்லை. சென்னை ஐஐடியின் சக்தி போன்ற ரிஸ்க்-ஃபைவ் புரொசெசர்களிலும் இல்லை. சாதனங்களின் ரெஜிஸ்டர்களைப் பின்தொடர 64-பிட் ஆர்மில் லினக்ஸ் 6.0 முதல் எம்எம்ஐஓ டிரேஸ் வசதி உண்டு. எக்ஸ்86இல் 2008 முதலே எம்எம்ஐஓடிரேஸ் இருக்கிறது. ஆனால் அது ஓடும்போது ஒரு கோரைத் தவிர மற்றவற்றை அணைத்துவிடும். பல கோர்கள் மோதுவதால் வரும் பிழையை அதில் தேடாதீர்கள்.

மெதுவாகிப்போன இன்டெல் மடிக்கணினிக்கு இதன்படி செய்வது சுருக்கமானது. 774ஐ, பழையதென்றால் 199ஐ டிரேஸ் செய்யுங்கள். குறைந்த வேகம் கேட்டு எழுதப்பட்டிருந்தால் ஸ்டாக்கைப் பின்தொடருங்கள், குற்றம் மென்பொருளில். கர்னல் கூடிய வேகத்தையே கேட்டிருந்தால் வெப்பநிலை ரெஜிஸ்டரான 19சியைப் படியுங்கள். புரொசெசர் சூடாக இல்லாமலே அதில் ப்ரொக்‌ஹாட் பிட் 1 என்று நின்றால், லினக்ஸை மறுபடி நிறுவுவதில் பயனில்லை. சார்ஜரையும் பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள்.