பதிவில் இருக்கட்டும், மகள்

அக்கரப்பத்தனை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவின் முழங்கால் இந்த மழைக்கு மக்கர் பண்ணுகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் பேசியதில் இருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சரியான தூக்கமில்லை. நீ அழுததை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வெள்ளவத்தைக்கு வந்து உன் போர்டிங் வாசலில் நிற்பான், அவன் குணம் உனக்குத் தெரியும். போனில் ஆறுதல்தான் சொல்ல முடிந்தது. விளக்கமாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதை வைத்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். பராமரிப்புக்காக மெயின்ஃபிரேமில் ஓடுகிற இசட்/விஎம்மை நிறுத்தி, மறுபடி ஐபிஎல் செய்து எழுப்பியிருக்கிறீர்கள். லினக்ஸ் சேர்வர்கள் எல்லாம் எழும்பிவிட்டன, ஆனால் ஒன்றுக்கும் நெட்வேர்க் இல்லை. போன மாதம் நீ கட்டிய விஸ்விட்ச்சை, அந்த மெய்நிகர் சுவிட்ச்சைத் தேடினால் அப்படி ஒன்று இருந்த தடமே இல்லை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் உன்னைக் கேள்வி கேட்டிருக்கிறார். இனி மெயின்ஃபிரேமே வேண்டாம், கிளவுட் கம்பெனி ஒன்றில் கூப்பிடுகிறார்கள், போகப் போகிறேன் என்கிறாய்.

போவதா இருப்பதா என்பது உன் முடிவு. நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் உடைந்தது எது என்று தெரிந்துகொள்ளாமல் போகாதே. தெரியாமல் போனால் அங்கேயும் அதே இடத்தில்தான் விழுவாய்.

‘டிஃபைன் விஸ்விட்ச்’ என்று இசட்/விஎம்மின் சிபி கட்டளையாக அடித்தால் அந்த நிமிஷமே சுவிட்ச் பிறந்துவிடுகிறது. ‘கிராண்ட்’ கொடுத்தால் அந்த லினக்ஸுக்கு அனுமதி கிடைக்கிறது. ‘டிஃபைன் நிக்’, ‘கப்பிள்’ அடித்தால் கார்டும் வந்து இணைந்துவிடுகிறது. பிங் போகிறது, எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அது அத்தனையும் மெஷினின் நினைவில் மட்டும் இருக்கிற ஏற்பாடு. கட்டளையில் பிறந்த கார்டு அந்த லினக்ஸ் கெஸ்ட் லொக் ஓஃப் ஆனாலே போய்விடும். சுவிட்ச்சின் ஆயுள் அடுத்த ஐபிஎல் வரைக்கும். இத்தனை நாள் ஓடியது என்பதற்காக அது நிலைத்தது என்று அர்த்தமில்லை.

நிலைக்க வேண்டுமென்றால் மூன்று இடத்தில் எழுத வேண்டும், மகள். முதலாவது, சிஸ்டம் கொன்பிக். ‘டிஃபைன் விஸ்விட்ச்’ வரியும் அதன் கீழே ‘மொடிஃபை விஸ்விட்ச் கிராண்ட்’ வரிகளும் அங்கே இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் ‘சிபிசின்டாக்ஸ்’ ஓட்டிப் பார். பிழை இருந்தால் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, யூசர் டிரெக்டரி. ஒவ்வொரு லினக்ஸின் பெயருக்குக் கீழும் ஒரு ‘நிக்டெஃப்’ வரி: 600 என்ற முகவரி, கியூடியோ வகை, இன்ன விஸ்விட்ச். பிறகு ‘டிரெக்ட்எக்ஸ்ஏ’ ஓட்டினால்தான் அது நடைமுறைக்கு வரும். புதிய பதிப்புகளில் அந்த ‘நிக்டெஃப்’ வரியே அனுமதியாகவும் நிற்கும், தனியாக கிராண்ட் தேவையில்லை. மூன்றாவது, லினக்ஸுக்கு உள்ளே. 600, 601, 602 என்று வாசிக்க ஒன்று, எழுத ஒன்று, தரவுக்கு ஒன்று. மூன்றையும் சேர்த்தால்தான் ஒரு கார்டு. ‘சிஎச்இசட்டெவ்’ கொண்டு இயக்கும்போது ‘இப்போதைக்கு மட்டும்’ என்று விடாதே, நிரந்தரப் பதிவிலும் ஏறியிருக்கிறதா என்று பார். விஸ்விட்ச் ஈதர்நெட் முறையில் இருந்தால் லினக்ஸிலும் லேயர் 2 என்றுதான் இருக்க வேண்டும். ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் நின்றால் கார்டு இருக்கும், பேச்சு வார்த்தை இருக்காது.

இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் ஐபிஎல் அன்றைக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியப்பாவுக்கு எதற்கெடுத்தாலும் ‘பதிவு, பதிவு’ என்ற பாட்டுத்தான் என்று நீயும் உன் தம்பியும் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது உன் தாத்தாவிடம் என்ன கேட்டார்கள்? நீ உழைக்கிறாயா என்று கேட்டார்களா? உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்குக் கடதாசி இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் பிறந்தது மேல் டிவிசன் லயத்தில். பிறந்தது உண்மை, வளர்ந்தது உண்மை, பெரட்டுக்கு நின்று பேர் போட்டதும் உண்மை. பதிவு இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள், அந்தக் கணக்கில்தான் இப்போது கூடலூரில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களுக்கு விடிவு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அத்தையின் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்து ஆபீஸ் என்றும் எழுதவில்லை, உனக்குத் தெரியும். ஆசிரியர் வேலைக்கு நேர்முகம் என்று அரசாங்கம் அனுப்பிய கடிதம் ஆபீஸ் அலமாரியில் கிடந்து, திகதி போன பிறகு அவள் கைக்கு வந்தது. கேட்டால், ‘இந்தப் பேரில் மூன்று பேர் இருக்கிறார்கள், எந்த லயம் என்று எப்படித் தெரியும்?’ என்றார்கள். அதற்குப் பிறகு அவள் கொழுந்துக் கூடையைத்தான் தலையில் மாட்டினாள். இன்றைக்கும் எத்தனையோ தோட்டங்களில் லயத்து வீட்டுக்கென்று ஒரு இலக்கம் கிடையாது, எல்லாக் கடிதமும் தோட்டத்துப் பெயருக்குத்தான் வருகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

இதே கோளாறு உன் மெஷினிலும் ஒளிந்திருக்கிறது, அதையும் கையோடு பார்த்துவிடு. ஒவ்வொரு லினக்ஸின் மெய்நிகர் கார்டுக்கும் இசட்/விஎம் ஒரு மெக் முகவரி கொடுக்கிறது. அதன் முன்பாதியை ‘விஎம்லேன் மெக்பிரிஃபிக்ஸ்’ என்ற வரி தீர்மானிக்கிறது. யாரும் எழுதாவிட்டால் 02-00-00 என்றே நிற்கும். உங்கள் கம்பெனியில் இரண்டு இசட்/விஎம் ஒரே நெட்வேர்க்கில் இருந்து, இரண்டிலும் அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால், இரண்டு சேர்வருக்கு ஒரே முகவரி அமைந்துவிடும். ஒன்றுக்கு வந்த கடிதம் மற்றதுக்குப் போகும். சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. யாருக்கும் காரணம் பிடிபடாது. கொன்பிக்கில் ஒரேயொரு வரி, மகள். அந்த ஒரு வரியை எழுத ஆள் இல்லாமல் போனதுதான் அத்தையின் கதையும்.

இன்னொன்று. விஸ்விட்ச் வெளியுலகத்தைப் பார்ப்பது ஓஎஸ்ஏ என்ற நிஜ நெட்வேர்க் கார்டு வழியாக. ‘ஆர்டெவ்’ என்ற இடத்தில் இரண்டு கார்டின் இலக்கம் கொடு, ஒன்று போனால் மற்றது பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரே கார்டின் இரண்டு வாசலைக் கொடுத்துவிட்டுக் காவல் போட்டதாக நினைக்காதே. கார்டும் வேறாக இருக்க வேண்டும், கேபிள் போய்ச் சேரும் சுவிட்ச்சும் வேறாக இருக்க வேண்டும். டிடிசிவிஎஸ்டபிள்யூ1, டிடிசிவிஎஸ்டபிள்யூ2 என்ற கொன்ட்ரோலர்கள் ஐபிஎல்லுக்குப் பிறகு தானாக எழும்புகின்றனவா என்றும் பார். அவை எழும்பாவிட்டால் சுவிட்ச் இருக்கும், வெளியே வழி இருக்காது. ‘குவெரி விஸ்விட்ச் டீடெயில்ஸ்’ அடித்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஐபிஎல்லுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

இனி உன் கிளவுட் விஷயம். செத்துக்கொண்டிருக்கிற மெஷினில் நான் ஏன் இளமையைத் தொலைக்க வேண்டும் என்று கேட்டாய். இந்தப் பேச்சை நான் வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் கேட்டிருக்கிறேன். ஆனால் பார், இசட்/விஎம்மின் மூதாதையான விஎம்/370ஐ ஐபிஎம் அறிவித்தது 1972 ஆகஸ்டில். அடுத்த வருஷம் சென்னை ஐஐடிக்கு 370/155 வந்து இறங்கியது. 1999 டிசம்பரில் லினக்ஸை இதே வம்சத்து மெஷினில் ஓட்டும் நிரல் வெளியானது. தொடக்கத்தில் லினக்ஸுகளை சிடிசி, ஐயுசிவி என்று சோடி சோடியாகக் கட்டித்தான் பேச வைத்தோம். 2001இல் கெஸ்ட் லேன் வந்தது, ஆனால் வெளியே போக நடுவில் ஒரு லினக்ஸை ரவுட்டராக நிறுத்த வேண்டும். அது படுத்தால் எல்லாம் படுக்கும். 2003இல் இசட்/விஎம் 4.4இல் விஸ்விட்ச் வந்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. 2015இல் லினக்ஸ் மட்டுமே ஓடுகிற லினக்ஸ்வன் வந்தது. 2025இல் இசட்17 வந்தது. செத்துப் போகிற பொருளுக்குப் புது மொடல் போடுகிறார்களா?

கிளவுட்டிலும் இதே மெய்நிகர் சுவிட்ச்தான், இதே முகவரித் தொல்லைதான். அங்கே அதை உன் கண்ணுக்குக் காட்டாமல் மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேயும் திரையில் கிளிக் செய்து கட்டியது ஒரு நாள் காணாமல் போகும். டெராஃபோம் கோப்பில் எழுதியது நிற்கும். அதைத்தான் அவர்கள் இப்போது பெரிய ஞானமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உனக்கு அந்தப் பாடம் ஞாயிற்றுக்கிழமையே ஆகிவிட்டது.

போகிறது என்றால் போ. சம்பளம் கூட என்கிறாய், இருக்கட்டும். ஆனால் நான் சொல்வது, இன்னும் ஒரு வருஷம் இரு. விஸ்விட்ச் ஒன்றை அடி முதல் நுனி வரை நீயே எழுதி, ஒரு ஐபிஎல்லைத் தாண்டி அது நிற்பதைப் பார். அதற்குப் பிறகு வேண்டிய சம்பளத்தை நெஞ்சு நிமிர்த்திக் கேட்கலாம். அழுதுகொண்டு ஓடிப்போன பிள்ளை என்ற பேரோடு ஒரு இடத்தை விட்டுப் போகக் கூடாது. கம்பெனி மெஷினில் கை வைக்கப் பயமாக இருந்தால் பழகிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. லினக்ஸ்வன் சமூக கிளவுட்டில் இலவசமாக ஒரு மெய்நிகர் சேர்வர் தருகிறார்கள். விஎம்மின் பழைய வாசனையைப் பிடிக்க ஆசையிருந்தால் உன் லெப்டொப்பில் ஹெர்குலிஸ் போட்டு விஎம்/370ஐ ஓட்டலாம். அதில் விஸ்விட்ச் கிடையாது, ஆனால் சிபி கட்டளைக்குக் கை பழகும். ஓபன் மெயின்ஃபிரேம் புரொஜெக்ட் என்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்துகிறது, அங்கே கற்றுக்கொடுக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். என்னை மாதிரி நீட்டி முழக்க மாட்டார்கள்.

நிறையப் பேசிவிட்டேன். பெரியம்மா பக்கத்தில் இருந்து, ‘பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறீர்களா, பாடம் நடத்துகிறீர்களா?’ என்கிறாள். எங்கள் வம்சத்தில் கொழும்பில் ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எங்கோ இருக்கிற நாட்டு வங்கியை ஓட்டுகிற முதல் பெண் பிள்ளை நீ. டயகமவில் இருந்து மன்றாசி வரை யாரைக் கண்டாலும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன், கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்திருக்கும். நீ இங்கே இருந்தாலும் கிளவுட்டுக்குப் போனாலும், வேலையே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தாலும் எங்களுக்கு நீ தங்கம்தான். அந்த அதிகாரி சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. அத்தை உனக்கு என்று தேயிலைத்தூள் கட்டி வைத்திருக்கிறாள், பொங்கலுக்கு வந்து எடுத்துப் போ.

ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால் இந்தக் கிழமை கொடுக்காதே. முதலில் சிஸ்டம் கொன்பிக்கைத் திறந்து அந்த வரிகளை எழுது. எழுதிவிட்டு எனக்கு ஒரு கோல் எடு.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா