வீட்டிலேயே ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை!

மாலை ஆறு மணி. மதுரை வெயில் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்பா டி.வி. முன்னால். பையன் செல்போனோடு கட்டிலில். அம்மா அடுப்படியில். 'தினமும் நடங்க' என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆச்சு. 'வெயில், தூசி, நாய்... எங்கே நடக்கிறது?' உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் சர்க்கரைக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வெளியே போக முடியவில்லையா? விளையாட்டை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். டேபிள் டென்னிஸ் மிதமான உடற்பயிற்சிக் கணக்கில் வருகிறது. வயதும் தடையில்லை. நம் சென்னை சரத் கமல் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 40!

மேஜையை ஒரு ஆசாரியின் உதவியோடு நீங்களே செய்துவிடலாம்.

இடம் இருக்கா?

மேஜையின் அளவு 9 அடிக்கு 5 அடி. ஆள் நகர்ந்து ஆட 19 அடி நீளமும் 11 அடி அகலமும் வேண்டும். ஹால் சின்னதா? கார் ஷெட்டைப் பாருங்கள். மொட்டை மாடி வேண்டாம். பந்தின் எடை 2.7 கிராம்தான், ஆடிக் காற்று அதைப் பக்கத்துத் தெருவுக்கே கொண்டு போய்விடும்! ஐப்பசி மழையில் பலகையும் ஊறிப்போகும்.

ரெண்டே ஷீட் போதும்

19 மில்லிமீட்டர் பிளைவுட், 8 அடிக்கு 4 அடியில் இரண்டு ஷீட் வாங்குங்கள். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்!

மேஜையின் ஒரு பாதி 5 அடிக்கு 4½ அடி. ஷீட்டின் அகலமோ 4 அடிதான். மீதி அரை அடிக்கு என்ன செய்வது? ஷீட்டை 5 அடி நீளத்தில் அறுத்தால் 3 அடிக்கு 4 அடி துண்டு மிஞ்சும். அதிலிருந்து இரண்டரை அடி நீளம், 6 இஞ்ச் அகலத்தில் இரண்டு பட்டை எடுங்கள். இரண்டையும் நீளவாக்கில் சேர்த்தால் 5 அடி. இந்த ஒட்டு நெட் பக்கம் வரட்டும். அங்கே பந்து குறைவாகத்தான் விழும். இரு பட்டையும் சேரும் இடம் நடுக்கோட்டில் மறைந்துவிடும்.

சட்டமும் காலும்

ஒவ்வொரு பாதிக்கும் அடியில் நாலு பக்கமும் மரச்சட்டம். ஒட்டுக்கு அடியில் ஒன்று, பெரிய பலகையின் நடுவில் ஒன்று. பட்டைகள் சேரும் இடத்திலும் ஒரு கட்டை கொடுங்கள். பக்கவாட்டுச் சட்டத்தை ஓரத்திலிருந்து 4 இஞ்ச் உள்ளே தள்ளி வையுங்கள். நெட் கிளாம்ப் மாட்ட இடம் வேண்டுமே!

பாதிக்கு நாலு கால். பலகையோடு சேர்த்து உயரம் 76 சென்டிமீட்டர். கால்களை போல்ட், நட் போட்டு மாட்டினால் கழற்றி வைத்துக்கொள்ளலாம். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை வாட்டமாக இருந்தால் காலுக்கு அடியில் ரப்பர் துண்டு கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

பெயின்ட்

திருகாணித் தலைகள் மேலே தெரியக் கூடாது. பட்டி பார்த்து, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, பளபளப்பில்லாத கரும்பச்சை அல்லது நீலப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். பளபள மைக்கா வேண்டாம். பந்து வழுக்கும், கண் கூசும். சுற்றிலும் 2 சென்டிமீட்டர் வெள்ளைக் கோடு, நடுவில் 3 மில்லிமீட்டர் கோடு. நெட் உயரம் 15¼ சென்டிமீட்டர்.

தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் தூசியும் பெயின்ட் வாசனையும் போகும்வரை அவரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பந்துதான் பரீட்சை!

30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தைப் போடுங்கள். சுமார் 23 சென்டிமீட்டர் எழும்பினால் மேஜை பாஸ்! பல இடங்களில் போட்டுப் பாருங்கள். 'சொத்'தென்று விழுகிற இடத்தில் அடியில் இன்னொரு சட்டம் கொடுங்கள்.

ஆடும் முன்...

வெறுங்காலில் ஆட வேண்டாம். ரப்பர் அடி ஷூ போடுங்கள். ஐந்து நிமிடம் கை, கால், இடுப்பை அசைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இறங்காதீர்கள். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே நிறுத்திச் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். இதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஆடும்போது நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு ஆட்டம் 11 பாயின்ட்தான். தினமும் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் ஆடினால் 150 நிமிடம் வந்துவிடும். விளையாடாத நேரத்தில் ஒரு பாதியைப் பிள்ளைகள் படிக்கிற மேஜையாக்கிக் கொள்ளலாம்.

முதல் ஆட்டம் அப்பாவுக்கும் பையனுக்கும். அடுத்தது அம்மாவுக்கு. அப்பத்தா பாயின்ட் எண்ணட்டும். என்ன, ஆசாரிக்குச் சொல்லி அனுப்பியாச்சா?